மருந்தாராய்ச்சியில் ஒரே நடைமுறை: எதுவரை?

பாஸ்டனில் ஓர் ஆய்வகம், பாசலில் ஒன்று, ஷாங்காயில் ஒன்று, நோயாளிகளிடமிருந்து வரும் தரவுகளைக் கையாளும் அலுவலகம் சென்னையிலோ ஹைதராபாதிலோ. பெரிய மருந்து நிறுவனம் ஒன்றின் ஆராய்ச்சிப் பிரிவு இன்று ஏறத்தாழ இப்படித்தான் பரந்து கிடக்கிறது. இத்தனை இடங்களிலும் ஒரு சோதனையைச் செய்யவும், பதியவும், பிழை நேர்ந்தால் திருத்தவும் ஒரே எழுத்துமூல நடைமுறை வேண்டுமா? வேண்டுமென்றால் அது எவ்வளவு நுணுக்கமாக இருக்க வேண்டும்? துறையில் எஸ்ஓபி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்த நடைமுறை ஆவணங்களைச் சுற்றி அரை நூற்றாண்டாக விவாதம் நடந்துவருகிறது. கட்டுப்பாட்டு அதிகாரிகள், நிறுவன நிர்வாகிகள், ஆய்வக விஞ்ஞானிகள், புள்ளியியலாளர்கள் ஆகிய ஒவ்வொரு தரப்பும் தன் அனுபவத்திலிருந்து ஒரு விடை சொல்லியிருக்கிறது. அந்த விடைகள் மோதிக்கொள்வதற்குப் பெருங்காரணம், இரண்டு வேறு கேள்விகள் இங்கே ஒன்றாகப் பாவிக்கப்படுவதுதான் என்பது இக்கட்டுரையின் வாதம். செய்ததாகச் சொன்னதை உண்மையிலேயே செய்தார்களா என்பது ஒரு கேள்வி. செய்தது சரியான செயல்தானா என்பது இன்னொன்று.

மோசடியிலிருந்து பிறந்த விதிகள்

முதல் விடை அரசு ஆய்வதிகாரிகளிடமிருந்து வந்தது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், நார்த்புரூக் என்ற ஊரில் இன்டஸ்ட்ரியல் பயோ-டெஸ்ட் என்ற ஒப்பந்த ஆய்வகம் இருந்தது. மருந்துகளையும் பூச்சிக்கொல்லிகளையும் விலங்குகளுக்குக் கொடுத்து நச்சுத்தன்மையைச் சோதித்துச் சொல்வது அதன் தொழில். 1976-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் ஏட்ரியன் கிராஸ் அதன் வேலையைத் தோண்டத் தொடங்கினார். அங்கிருந்த குறிப்பேடுகளில் ஒரு சுருக்கெழுத்து திரும்பத் திரும்ப வந்தது. விலங்கின் உடல் பரிசோதிக்க முடியாத அளவுக்கு அழுகிவிட்டது என்பது அதற்குப் பொருள். தண்ணீர் விடும் தானியங்கி அமைப்பு பழுதாகி, கூண்டுகள் நனைந்து கிடந்த ஓர் அறைக்கு ஊழியர்களே 'சதுப்பு நிலம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். வாடிக்கையாளருக்குப் போன அறிக்கைகள் மட்டும் எண்களும் அட்டவணைகளுமாகக் குறையற்றுத் தோன்றின. 1983-ல் அந்நிறுவனத்தின் முன்னாள் அதிகாரிகள் மூவர் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. அந்த அறிக்கைகளை நம்பி அனுமதி பெற்ற வேதிப்பொருள்களை எல்லாம் மறுபடி பரிசீலிக்க நேர்ந்தது.

இந்த அதிர்ச்சியின் நேரடி விளைவுதான் நல்லாய்வக நடைமுறை விதிகள். எஃப்டிஏ 1978 டிசம்பரில் அவற்றை இறுதி செய்தது. 1981-ல் ஓஇசிடி என்ற பொருளாதாரக் கூட்டமைப்பின் நாடுகள் தமக்கான வடிவத்தை ஏற்றன. ஒவ்வோர் ஆய்வுக்கும் பொறுப்பான ஒருவர், அவருக்குக் கட்டுப்படாத தர உறுதிப் பிரிவு, எழுத்துமூல நடைமுறைகள், அழிக்க முடியாத மூலத் தரவு, காப்பகம் ஆகியவை அந்த விதிகளின் தூண்கள். ஒரு நாட்டில் விதிப்படி செய்த சோதனையை மற்ற நாடுகள் மறுபடி கேட்காமல் ஏற்கும் உடன்பாடும் இதோடு வந்தது. இந்தியா 2011-ல் அதில் முழு உறுப்பாயிற்று. மனிதர்கள்மீது நடக்கும் ஆய்வுகளுக்கு, மருந்து விதிகளை நாடுகளிடையே இசைவாக்க 1990-ல் பிரஸ்ஸல்ஸில் தோன்றிய ஐசிஎச் அமைப்பு 1996-ல் நல்ல மருத்துவ ஆய்வு நடைமுறையை வகுத்தது. எஸ்ஓபியின் நோக்கம் ஒரு குறிப்பிட்ட வேலையை எல்லோரும் ஒரே சீராகச் செய்வது என்று அந்த ஆவணமே வரையறுக்கிறது.

இந்த மரபின் பலமும் வரம்பும் அதன் பிறப்பிலேயே இருக்கின்றன. பொய்யைக் கண்டுபிடிக்க உருவான கருவி இது. தவறாக எழுதிய எண்ணை அழிக்காமல் ஒற்றைக் கோடு இழுத்து அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையொப்பமும் தேதியும் காரணமும் இடவேண்டும் என்ற விதியைப் பாருங்கள். எழுதிய எண் சரியா என்று அந்தக் கோடு சொல்லாது. யார், எப்போது, ஏன் மாற்றினார் என்று மட்டும் சொல்லும். நல்லாய்வக விதிகள் தம் எல்லையை மறைத்ததும் இல்லை: ஆய்வு எப்படித் திட்டமிடப்பட்டு, நடத்தப்பட்டு, பதியப்படுகிறது என்பதுதான் அவற்றின் பொருள், ஆய்வின் அறிவியல் மதிப்பு அவற்றின் பொருளல்ல.

தலைமையகத்தின் ஒரே கையேடு

1990-களிலிருந்து மருந்து நிறுவனங்கள் ஒன்றையொன்று வாங்கி இணைந்து வளர்ந்தபோது, ஒரே நிறுவனத்துக்குள் இரண்டு மூன்று பழைய நிறுவனங்களின் நடைமுறைகள் அருகருகே கிடந்தன. மையத்தில் எழுதி எங்கும் பின்பற்றும் ஒரே கையேடு என்ற நிலைப்பாடு அப்போது இயல்பாகவே வலுப்பெற்றது. அதற்கான நியாயங்கள் எளியவை, கனமானவை. பல நாடுகளில் நடக்கும் ஓர் ஆய்வின் தரவுகளை ஒன்றுசேர்க்க வேண்டுமானால் அவை ஒரே வழியில் சேகரிக்கப்பட்டிருக்க வேண்டும். பக்கவிளைவு ஒன்று சியோலில் தெரியவந்தாலும் சாவோ பாவ்லோவில் தெரியவந்தாலும் அது மேலே போகும் பாதையும் கெடுவும் மாறக்கூடாது. தணிக்கைக்கு வரும் அதிகாரியிடம், இது எங்கள் கிளையின் வழக்கம் என்று விளக்கிக்கொண்டிருக்கவும் முடியாது.

ஆனால் இந்த நிலைப்பாடு நடைமுறையில் எடுக்கும் வடிவம் கவலை தருகிறது. தலைமையகத்தில் ஆவணம் திருத்தப்படுகிறது; பதிப்பு எண் மாறுகிறது; உலகெங்கும் உள்ள ஊழியர்களுக்கு மின்னஞ்சல் போகிறது. 'படித்துப் புரிந்துகொண்டேன்' என்ற பொத்தானை அவர்கள் அழுத்தியதும் பயிற்சிப் பதிவேடு நிறைவடைகிறது. ஒரு கிளையில் இல்லாத கருவியைப் பற்றியும், ஒரு நாட்டுச் சட்டம் அனுமதிக்காத படியைப் பற்றியும் அந்த ஆவணம் பேசலாம். உடனே உள்ளூர்த் துணை ஆவணம் ஒன்று பிறக்கும். அதற்கொரு செயல்குறிப்பு, அதற்கொரு படிவம். எதை மீறினாலும் விலகல் அறிக்கை எழுத வேண்டும் என்பதால், அற்பமானவையும் ஆபத்தானவையும் ஒரே பட்டியலில் ஒரே எழுத்தளவில் வந்து நிற்கும்.

இன்னொரு முரணும் உண்டு. ஒரு நிறுவனம் தனக்குள் கொண்டுவரும் ஒருமை, வெளியே பன்மையாகிவிடுகிறது. ஐந்து நிறுவனங்களுக்காக ஆய்வு நடத்தும் மருத்துவமனையில், ஒரே மருத்துவரும் ஒரே செவிலியரும் ஐந்து நிறுவனங்களின் ஐந்து 'ஒரே' கையேடுகளைப் பின்பற்ற வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே முடித்த பயிற்சியை ஒவ்வொரு நிறுவனத்துக்காகவும் திரும்ப முடிக்க வேண்டியிருந்தது. 2012-ல் பத்து நிறுவனங்கள் டிரான்செலரேட் என்ற கூட்டமைப்பைத் தொடங்கி, ஒருவர் தந்த பயிற்சியை மற்றவர் ஏற்கவும் பொதுவான ஆய்வுத்திட்ட வார்ப்புரு ஒன்றை வகுக்கவும் முயன்றதற்கு இந்தச் சுமையும் ஒரு காரணம்.

கையேடு எதைக் காக்கும், எதைக் காக்காது என்பதற்கு இரண்டு நிகழ்வுகள் போதும். 2014-ல் பிரான்ஸின் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் ஹைதராபாதில் ஜிவிகே பயோசயன்சஸ் நடத்திய ஆய்வுகளைச் சோதித்து, தன்னார்வலர்களின் இதயத்துடிப்பு வரைபடங்கள் திரிக்கப்பட்டிருப்பதாகக் கண்டார்கள். நிறுவனம் அதை மறுத்தது. குறைந்தது 5 ஆண்டுகள் இது நடந்ததாகத் தோன்றுகிறது என்று கூறிய ஐரோப்பிய மருந்து முகமை, 2015-ல் ஏறத்தாழ 700 மருந்து வடிவங்களின் அனுமதியை நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தது. அவற்றால் யாருக்கும் தீங்கு நேர்ந்ததாகச் சான்றில்லை என்பதையும் சேர்த்தே சொன்னது. பல நாட்டுத் தணிக்கையாளர்கள் வந்துபோன இடம் அது. பதிவேடுகள் அங்கே இருந்தன. பதிவில் இருந்த இதயம் யாருடையது என்பதுதான் சிக்கல்.

மற்ற நிகழ்வு இதற்கு நேர் எதிரானது. 2006 மார்ச்சில் லண்டனின் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில், டிஜிஎன்1412 என்ற எதிர்ப்புரதம் முதல்முறையாக மனிதர்களுக்குச் செலுத்தப்பட்டது. விலங்குகளில் பாதுகாப்பாக இருந்த அளவில் 500-ல் ஒரு பங்கே கொடுத்தார்கள். மருந்தைப் பெற்ற ஆறு பேரும் சில மணி நேரத்தில் உயிருக்குப் போராடும் நிலைக்குப் போனார்கள். அனைவரும் பிழைத்தது தீவிர சிகிச்சையின் சாதனை. பிரிட்டிஷ் அதிகாரிகள் விசாரித்தபோது சிறு குறைகள் சில தென்பட்டன. ஆனால் மருந்துத் தயாரிப்பிலோ, அளவிலோ, கொடுத்த முறையிலோ நேர்ந்த பிழை இந்தத் தீங்குக்குக் காரணமல்ல என்று முடிவாயிற்று. ஏற்கப்பட்ட ஆய்வுத்திட்டம் ஏறத்தாழ அப்படியே நிறைவேறியிருந்தது. முதல் ஆளுக்கு என்ன ஆகிறது என்று பொறுத்துப் பார்க்காமல் சில நிமிட இடைவெளியில் அடுத்தவருக்கும் கொடுக்க அந்தத் திட்டம் இடம் தந்ததுதான் பேரிழப்பின் விளிம்புக்குக் கொண்டுபோனது. முதல் நிகழ்வில் பதிவு பொய்த்ததாகக் குற்றச்சாட்டு. இரண்டாவதில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்கவில்லை. ஒரே கையேடு இந்த இரண்டையும் தீர்க்கும் என்று எதிர்பார்ப்பது அதன்மேல் அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுவதாகும்.

ஆய்வகத்தின் சுதந்திரம்

எதிர்முனையில் நிற்பது கண்டுபிடிப்பு விஞ்ஞானிகளின் நிலைப்பாடு. புதிய மருந்துக்கான இலக்கைத் தேடும் வேலை ஒவ்வொரு வாரமும் திசை மாறும். அதை ஆவணத்தில் கட்டிப்போட்டால் தேடலே நின்றுவிடும் என்பது அவர்கள் வாதம். நிறுவனங்களும் இதை ஒரு காலத்தில் ஏற்றன. கிளாக்ஸோஸ்மித்கிளைன் 2001 வாக்கில் தன் கண்டுபிடிப்புப் பிரிவைச் சிறப்பு மையங்களாகப் பிரித்து அவற்றுக்குத் தன்னாட்சி தந்தது. 2009-ல் ஜெனன்டெக்கை முழுமையாக வாங்கிய ரோஷ், அதன் ஆராய்ச்சிப் பிரிவைத் தன் பிரிவோடு கரைக்காமல் தனியாகவே இயங்க விட்டது. சட்டமும் இந்தச் சுதந்திரத்துக்கு இடம் தருகிறது: நல்லாய்வக விதிகள் பாதுகாப்பு ஆய்வுகளிலிருந்துதான் தொடங்குகின்றன, அதற்கு முந்தைய கண்டுபிடிப்புக் கட்டத்தை அவை தொடுவதில்லை.

இந்த நிலைப்பாட்டின் பலவீனத்தை வெளிப்படுத்தியவர்களும் தொழில்துறையினர்தான். 2011-ல் பேயர் நிறுவன ஆய்வாளர்கள், வெளியான கண்டுபிடிப்புகளைத் தம் ஆய்வகத்தில் சரிபார்த்த 67 திட்டங்களை அலசி, ஏறத்தாழ கால் பங்கில்தான் முடிவுகள் பொருந்தின என்றார்கள். அடுத்த ஆண்டு கிளென் பெக்லியும் லீ எல்லிஸும் எழுதிய கட்டுரை இன்னும் கடுமையானது: ஆம்ஜென் நிறுவனம் மறுபடி செய்து பார்த்த 53 முக்கியப் புற்றுநோய் ஆய்வுகளில் 6 மட்டுமே உறுதியாயின. எந்தெந்த ஆய்வுகள் என்று இரு குழுக்களும் வெளியிடாததால் இந்த எண்களை எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் திசை தெளிவு. கண்மறைப்பு இல்லை, கட்டுப்பாட்டுக் குழு சரியில்லை, பிடித்த முடிவை மட்டும் காட்டுவது என்று அவர்கள் சுட்டிய குறைகளில் பலவற்றை எளிய ஒழுங்குகளால் தடுத்திருக்கலாம். ஐரோப்பாவில் 2017-ல் தொடங்கிய ஈக்விப்டி திட்டம் இந்த இடைவெளியை நிரப்ப வந்தது. மருந்து நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து 18 அடிப்படைத் தேவைகளை வகுத்து 2021-ல் வெளியிட்டன. என்ன விளைவு வேண்டும் என்பதை அத்திட்டம் சொல்கிறது. அதை அடையும் வழியைப் பெரும்பாலும் ஆய்வகத்திடமே விடுகிறது. இந்த விவாதத்தில் எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் முயற்சி இதுதான்.

ஒரே முறை, வேறு விடை

நடைமுறையை நுணுக்கமாக எழுதி அப்படியே பின்பற்றினால் ஒரே விடை வரும் என்பது இரு தரப்பும் கேள்வியின்றி ஏற்ற எடுகோள். அதைச் சோதித்தவர்கள் ஜான் கிராப், டக்ளஸ் வால்ஸ்டன், புரூஸ் டூடெக் மூவரும். 1999-ல் வெளியான அவர்களின் ஆய்வு, அமெரிக்காவின் ஆல்பனி, போர்ட்லண்ட், கனடாவின் எட்மன்டன் ஆகிய மூன்று இடங்களில் ஒரே மரபினங்களைச் சேர்ந்த சுண்டெலிகளை, ஒரே கருவிகளில், ஒரே நேரத்தில், ஒரே நெறிமுறைப்படி சோதித்தது. தீவனம், வயது, கூண்டுப் பராமரிப்பு எல்லாம் இயன்றவரை சமன் செய்யப்பட்டன. ஆயினும் சில நடத்தைச் சோதனைகளில் மூன்று ஆய்வகங்களும் வேறு வேறு முடிவுகளைக் கண்டன. எட்மன்டனில் சோதனை செய்தவருக்கு எலி ஒவ்வாமை இருந்ததால் சுவாசக் கவசம் அணிந்தே வேலை பார்த்தார் என்ற தகவலை ஆய்வாளர்கள் பதிந்திருக்கிறார்கள். அதுதான் காரணம் என்று அவர்கள் சொல்லவில்லை. ஆனால் எந்த எஸ்ஓபியும் முன்கூட்டி எழுதியிருக்க முடியாத வேறுபாடு அது. மரபின வேறுபாடு பெரிதாக இருந்த சோதனைகளில் மூன்று இடங்களும் ஒத்துப்போயின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இந்த ஆய்வை மேற்கோள் காட்டுவோர் பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

உயிரணு ஆய்விலும் இதே கதை. பெர்க்லியில் மினா பிசல் குழுவும் பாஸ்டனில் கோர்னீலியா போலியாக் குழுவும் மார்பகத் திசுவிலிருந்து உயிரணுக்களைப் பிரித்து வகைப்படுத்தியபோது, ஒரே முறையைப் பின்பற்றியும் படங்கள் பொருந்தவில்லை. கருவி, வேதிப்பொருள், திசு மாதிரி என ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்கள். நீண்ட காலத்துக்குப் பிறகு, இரு குழுவினரும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்தபோதுதான் காரணம் பிடிபட்டது. நொதியில் திசுவை ஊறவைக்கும் கட்டத்தில் ஓர் ஆய்வகம் அதை வேகமாகக் கலக்கியது. மற்றது மென்மையாக அசைத்தது. எழுதிய நெறிமுறையில் இந்த வேறுபாடு யார் கண்ணிலும் படவில்லை.

கிராப் குழுவின் எலி ஆய்வையொட்டி, சுவிட்சர்லாந்தின் ஹன்னோ வூர்பெல் எதிர்பாராத முடிவு ஒன்றுக்கு வந்தார். எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்க ஆக்க, அந்த ஒரு சூழலுக்கு மட்டுமே பொருந்தும் முடிவு கிடைக்கும் ஆபத்து கூடுகிறது என்றார்; இதை அவர் தரப்படுத்தலின் மயக்கம் என 2000-த்திலேயே சுட்டினார். வேண்டுமென்றே வேறுபாட்டைச் சேர்த்தால் முடிவுகள் நம்பகமாகும் என்று அவர் குழு 2009-ல் காட்டியது. ஆனால் ஆறு ஆய்வகங்களில் விரிவாகச் செய்த அடுத்த முயற்சியில், எளிய வேறுபாடுகளைச் சேர்ப்பது மட்டும் போதவில்லை என்பது தெரிந்தது. 2018-ல் 440 விலங்கு ஆய்வுகளின் தரவுகளைக் கணினியில் பாவனை செய்து பார்த்தபோது, ஒரே ஆய்வகத்தில் நிறைய விலங்குகளைச் சோதிப்பதைவிட அதே எண்ணிக்கையை இரண்டு முதல் நான்கு ஆய்வகங்களில் பிரித்துச் சோதிப்பது உண்மைக்கு நெருங்கிய விடை தந்தது. பல கண்டங்களில் ஆய்வகம் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு இது முக்கியமான செய்தி. கிளைகளுக்கிடையே உள்ள வேறுபாடு எப்போதும் ஒழிக்க வேண்டிய குறையாக இராது. சில வேளைகளில் அதுவே சோதனைக்கருவி.

ஆபத்துக்கேற்ற கட்டுப்பாடு

கட்டுப்பாட்டு அமைப்புகளும் அசைந்து கொடுத்திருக்கின்றன. 2005-ல் ஐசிஎச் வெளியிட்ட தர ஆபத்து மேலாண்மை வழிகாட்டி தயாரிப்புத் துறையை முன்னிறுத்தி எழுந்தாலும், அதன் சிந்தனை ஆராய்ச்சிக்கும் பரவியது. மருத்துவ ஆய்வு நடைமுறையின் 2016 திருத்தம் ஆபத்தை அடிப்படையாகக் கொண்ட கண்காணிப்பை உள்ளே கொண்டுவந்தது. 2025 ஜனவரியில் ஏற்கப்பட்ட மூன்றாம் திருத்தம் அதையே மையமாக்கி, கட்டுப்பாடு ஆபத்துக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும் என்கிறது. நோயாளியின் பாதுகாப்பையும் முடிவின் நம்பகத்தையும் தொடும் சில காரணிகளை முதலில் இனங்கண்டு, கவனத்தை அங்கே குவிக்கச் சொல்கிறது.

கொள்கை அளவில் இதை மறுக்க இடமில்லை. ஆனால் எது ஆபத்து என்று தீர்மானிப்பது யார்? தலைமையகமே மதிப்பிட்டுப் பட்டியலாக அனுப்பினால், பழைய கையேடு புதிய அட்டையோடு வந்ததாகும். கிளையே தீர்மானித்தால், தனக்கு வசதியானதைக் குறைந்த ஆபத்து என்று வகைப்படுத்தும் சபலம் இருக்கும். டிஜிஎன்1412 போன்ற நேர்வில் ஆபத்து மதிப்பீட்டின் தாளில் எல்லாம் பச்சையாகவே இருந்திருக்கக்கூடும். தெரியாததற்கு மதிப்பெண் போட முடியாது.

எதைப் பொதுவாக்குவது

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு வழி தென்படுகிறது. செய்தார்களா என்ற கேள்விக்குரியவை உலகெங்கும் ஒன்றாக, விட்டுக்கொடுக்காமல் இருக்க வேண்டும்: மூலத் தரவு எது, அதை யார் எப்போது பதிந்தார், மாற்றினால் தடம் எங்கே, பாதுகாப்புச் செய்தி யாருக்கு எத்தனை மணி நேரத்தில் போகும், ஐயம் எழுப்பும் ஊழியருக்கு என்ன காப்பு. சரியாகச் செய்தார்களா என்ற கேள்விக்குரியவை, அதாவது திசுவை எப்படி அசைப்பது, எலியை எந்த நேரத்தில் எடுப்பது, எந்தக் கருவியில் அளப்பது போன்றவை, வேலை நடக்கும் இடத்தில், வேலை செய்பவர் கையால் எழுதப்பட வேண்டும். இவற்றில் மையம் கேட்க வேண்டியது ஒருமையை அல்ல. வேறுபாட்டை முழுமையாகப் பதிவதையும் அதற்கான காரணத்தையும்.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும். முதலாவது, உள்ளூருக்கு விட்டால் மோசடிக்கு வழி திறக்கும் என்பது. மேலே கண்ட நேர்வுகள் காட்டுவது வேறு. மூலத் தரவை வெளியிலிருந்து சரிபார்க்கும் கை இல்லாத இடத்தில்தான் திரிப்பு நெடுங்காலம் நிலைக்கிறது. செயல்முறை ஆவணம் எத்தனை பக்கம் என்பதற்கும் அதற்கும் தொடர்பு தெரியவில்லை. இரண்டாவது மறுப்பு கனமானது: பல நாட்டுத் தரவை ஒன்றுசேர்க்கும் இறுதிக்கட்ட மருத்துவ ஆய்வில் அளக்கும் முறை மாறினால் முடிவே குழம்பும். இது உண்மை. அங்கே இரத்த மாதிரியை எத்தனை நிமிடத்தில் சுழற்றிப் பிரிக்க வேண்டும் என்பதுவரை ஒன்றாக இருப்பதே சரி. ஆனால் அந்தத் தேவை குறிப்பிட்ட ஆய்வின் திட்டத்திலிருந்து வருவது; அதை அந்த ஆய்வின் ஆவணத்தில் வைக்கலாம். நிறுவனம் முழுவதற்குமான நிரந்தர எஸ்ஓபியாக்கினால்தான் சுமை பெருகுகிறது.

தீராதவை

இந்தப் பிரிப்பு எங்கும் சுலபமாகக் கோடு போட்டுத் தராது. படத்தை நிரல் ஒன்று வாசித்து எண்ணாக்கும்போது, அந்த நிரலின் பதிப்பு பதிவைச் சேர்ந்ததா, செயலைச் சேர்ந்ததா? இரண்டையும் சேர்ந்தது என்றே சொல்லத் தோன்றுகிறது. ஆய்வின் பெரும்பகுதியை ஒப்பந்த நிறுவனங்களிடம் தரும்போது யாருடைய நடைமுறை செல்லும் என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் பேசித் தீர்க்கப்படுகிறது. சிறிய ஒப்பந்த நிறுவனத்துக்கு அந்தப் பேச்சில் குரல் குறைவு. அளவுக்கேற்ற கட்டுப்பாடு என்ற புதிய கொள்கையை ஆய்வதிகாரிகள் களத்தில் எப்படி வாசிப்பார்கள் என்பது தெளிவாகச் சில ஆண்டுகள் ஆகும். அதிகாரி கேட்டுவிடுவாரோ என்ற அச்சம் இருக்கும்வரை நிறுவனங்கள் ஆவணத்தைக் குறைக்கத் துணியமாட்டா.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது சான்றின் வறட்சி. நுணுக்கமான மைய நடைமுறை கொண்ட நிறுவனமும் தளர்ந்த நடைமுறை கொண்ட நிறுவனமும் மருந்தின் பாதுகாப்பிலோ ஆய்வின் நம்பகத்திலோ எப்படி வேறுபடுகின்றன என்று நேரடியாக ஒப்பிடும் பொது ஆய்வுகள் அரிது. அதற்கான மூலப்பொருள் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு பெரிய நிறுவனத்திடமும் பல ஆண்டுகளின் விலகல் அறிக்கைகள், திருத்த நடவடிக்கைகள், தணிக்கைக் குறிப்புகள் குவிந்திருக்கின்றன. எந்த விதி மீறப்பட்டபோது உண்மையிலேயே தீங்கு நேர்ந்தது, எந்த விதி ஆயிரம் முறை மீறப்பட்டும் ஒன்றும் ஆகவில்லை என்று அவற்றிலிருந்து எண்ணிச் சொல்ல முடியும். அவை வணிக ரகசியமாகப் பூட்டிக் கிடக்கின்றன. பயிற்சியை ஒருவருக்கொருவர் ஏற்க முன்வந்த நிறுவனங்கள், பெயர்களை நீக்கிவிட்டு இந்தப் பதிவுகளையும் ஒன்றுசேர்த்துத் தர முன்வருமா என்பதைப் பொறுத்தே இந்த விவாதத்தின் அடுத்த கட்டம் அமையும்.